பெயர் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை

1956 ஆகஸ்ட் 27, திங்கள்

இந்த நோட்டு ரயில்வேக்குச் சொந்தம். பாதிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கும்போதே புதிய பதிவேட்டை அனுப்பிவிட்டார்கள். பழையதை அடுப்பில் போடச் சொன்னார்கள். போடவில்லை. ஒன்பது வருஷமாக ஒரு வரிகூடக் கிறுக்காதவனுக்கு நாற்பத்தேழு வயதில் இது என்ன கேடு? இந்த வருஷம் காற்று கொஞ்சம் இளகியிருக்கிறது, அதுதான் காரணமாக இருக்கும். ரயிலில் போகிறவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துச் சத்தமாகப் பேசுகிறார்கள். போன வருஷம் வரை ஜன்னலும் வாயும் சேர்ந்தே சாத்தியிருந்தன.

நான் கேட் கீப்பர். மேற்குப் போலந்தில், சிலேசியாவின் இந்த மூலையில் தண்டவாளமும் வண்டிப் பாதையும் குறுக்கிடும் இடத்தில் ஒரு செங்கல் வீடு, இரண்டு கேட், ஒரு டெலிபோன், ஒரு ஆடு. ஸ்டேஷனிலிருந்து மணி அடித்தால் கைப்பிடியைச் சுற்றிக் கேட்டை இறக்க வேண்டும். ரயில் போனதும் ஏற்ற வேண்டும். பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மடையனும் செய்யலாம். அதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

பிற்பகலில், மூன்று ஸ்டேஷன் தள்ளிப் போய் ஒரு சின்னப் பொட்டலத்தைத் தபாலில் போட்டேன். தோட்டத்துக் கசகசா, ஒரு கைப்பிடி. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 29

ஆடு என் ஒரே நல்ல காலுறையைத் தின்றுவிட்டது. அதற்குச் சீமாட்டி என்று பெயர் வைத்தது தவறு. அதற்கேற்ற திமிர் வந்துவிட்டது.

செப்டம்பர் 2, ஞாயிறு

எனக்கும் பானி அபோலோனியாவுக்கும் பாதி நாள் பாதி நாள் வேலை. நான் இறங்கும்போது அவள் ஏறுவாள். விதவை. போருக்குப் பிறகு எல்லையை மாற்றியபோது கிழக்கே ஊரையும் வீட்டையும் இழந்து ஒரு தையல் மெஷினோடு இங்கே வந்து சேர்ந்தவள். வாய் மட்டும் அங்கேயிருந்து சேதமில்லாமல் வந்திருக்கிறது. நான் அவளைப் ‘பானி’, திருமதி, என்பதுபோல அவளும் எட்டு வருஷமாக என்னை “பான் வாலென்டி”, திரு வாலென்டி, என்று மரியாதையோடுதான் கூப்பிடுகிறாள். திட்டும்போதும் அதே மரியாதை.

“பான் வாலென்டி, திங்கக்கிழமை மூணு ஸ்டேஷன் தள்ளி இறங்கினீங்களாமே? நம்ம ஸ்டேஷன்ல தபால் பெட்டி இல்லையா?”

“ஷூ தைக்கக் கொடுத்தேன்.”

“ஓ. ஷூவா.” காலைப் பார்த்தாள். என் காலில் அதே பழைய ஷூ. வேறு ஷூ என்னிடம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

இவள் கேள்வி கேட்பதற்குக் காரணம் உண்டு. அவளிடம் நான் செய்த தவறு ஒன்று பாக்கி இருக்கிறது. 1949 பிப்ரவரி பதினாலு, புனித வாலென்டியின் நாள். ஸ்டேஷன் மாஸ்டரும் இவளும் இன்னும் இரண்டு பேரும் கேக்கும் பாட்டிலுமாக வாசலில் வந்து நின்றார்கள். நானோ அழுக்கு ஏப்ரனோடு கதவைத் திறந்து, “என்ன, எங்கேயாவது ரயில் தடம் புரண்டதா?” என்று கேட்டேன். போலந்தில் பிறந்த நாளை மறப்பவன் உண்டு. பெயர் நாளை மறப்பவன் கிடையாது. காலண்டரில் தன் பெயருடைய புனிதரின் நாள் வந்தால் மேஜையைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். யாரையும் அழைப்பதில்லை. நம்மை நினைப்பவர்கள் தாமாக வருவார்கள். குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். அன்று என் மேஜையில் ஆட்டுக்கு வைத்த உருளைக்கிழங்குத் தோல்தான் இருந்தது.

காய்ச்சல் என்று சமாளித்தேன். அபோலோனியா மட்டும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 13, வியாழன்

நாள் முழுக்க மழை. யார் படிக்கப்போகிறார்கள், எழுதிவிடுகிறேன். என் பெயர் வாலென்டி மாஸூர் அல்ல. ஹூபர்ட் லஸோட்டா.

எழுதிவிட்டு வெளியே போய்க் கேட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். வானம் இடிந்து விழவில்லை.

அப்பா வனக்காவலர். வேட்டைக்காரர்களின் புனிதர் பெயரை எனக்கு வைத்தார். நானும் அதே வேலைக்குப் போனேன். 1939இல் சிப்பாய். பிறகு ஜெர்மானியர்களுக்கு எதிராகக் காட்டில். அவர்கள் போன பிறகு மாஸ்கோவின் ஆட்சி வந்தது. எங்களோடு தோளோடு தோள் நின்றவர்களைப் பிடித்து வண்டியில் ஏற்றத் தொடங்கியது. மறுபடி காட்டுக்கு. கிழக்கே பூக் நதிக்கரையில் அறுபத்தொரு பேருக்கு நான் கமாண்டர். ‘நாரை’ என்பது காட்டில் என் பெயர். 1945 ஜனவரிப் பனியில் இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது. அதன் பிறகு என் நடையும் நாரை நடைதான்.

1947இல் அரசாங்கம் பொதுமன்னிப்பு அறிவித்தது. சாப்பாடு இல்லை, மருந்து இல்லை, வெளிநாட்டிலிருந்து யாரும் வரப்போவதுமில்லை. ஆட்களை வரிசையில் நிறுத்திச் சொன்னேன்: “துப்பாக்கியைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. இது உத்தரவு.” கமாண்டர் கடைசியாகத்தான் போக வேண்டும் என்று நானும் லியோனும் தங்கினோம். முதலில் போனவர்களில் ஒன்பது பேரை ஆறே மாதத்தில் பிடித்துச் சிறையில் போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் சமையல்காரன் ஃபெலிக்ஸும் அதில் ஒருவன். என் வாயிலிருந்து வந்த உத்தரவு.

மே மாதம் ஒரு நாள் நான் ரொட்டி வாங்கப் போயிருந்தேன். குளிருகிறது என்று லியோன் என் கோட்டைப் போட்டுக்கொண்டு களஞ்சியத்தில் படுத்திருந்தான். திரும்பி வந்தபோது போலீஸ் வைத்த தீயில் களஞ்சியம் எரிந்துகொண்டிருந்தது. கோட்டில் என் காகிதங்கள் இருந்தன. என் மனைவி ரூஷாவைக் கூட்டிப்போய் உடலைக் காட்டினார்கள். “இவர்தான்” என்று சொல்லி அழுதாளாம். நாரை செத்துவிட்டது என்று கோப்பை மூடினார்கள்.

அதன் பிறகு அவள் வீட்டுக்குப் போலீஸ் போகவில்லை. நான் உயிரோடிருக்கிறேன் என்று தெரிந்தால் போகும். ஆகவே பொய்க் காகிதத்தில் வாலென்டி ஆகி, செத்தே இருந்தேன். அப்போது அவளுக்கு ஏழு மாதம். பிறந்தது ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது.

மழை விட்டுவிட்டது. முட்டைக்கோசு நன்றாக வந்திருக்கிறது.

செப்டம்பர் 14

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். நோட்டு அடுப்புச் சாம்பல் தட்டுக்கு அடியில் இருக்கிறது. இருக்கட்டும்.

செப்டம்பர் 25, செவ்வாய்

ஸ்டேஷன் மாஸ்டர் டெலிபோனில் சொன்னார்: எவனோ ஒருத்தன் லைன் ஓரமாகவே நடந்து, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கேட்டிலும் நின்று விசாரிக்கிறானாம். காலை இழுத்து நடக்கும் ஆள் யாராவது உண்டா என்று.

“நீங்ககூடக் கொஞ்சம் அப்படித்தானே, பான் வாலென்டி?” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். டெலிபோனை வைத்ததும் அலமாரியிலிருந்து பையை எடுத்தேன். ரொட்டி, கத்தி, மாற்றுச் சட்டை. காட்டில் கற்றது, பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடலாம். அப்போது மணி அடித்தது. பயணிகள் ரயில். கேட்டை இறக்காமல் எப்படிப் போவது? இறக்கினேன். ஏற்றினேன். அடுத்ததற்கு மணி அடித்தது. இப்படியே பொழுது போய்விட்டது. பை இன்னும் கதவோரம்தான் இருக்கிறது. சீமாட்டி அதிலிருந்த ரொட்டியைத் தின்றுவிட்டாள்.

அக்டோபர் 7, ஞாயிறு

எழுத்து கோணலாகப் போகிறது. இருந்தாலும் முழுக்க எழுத வேண்டும்.

காலை பத்து மணிக்கு முட்டைக்கோசு வெட்டிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு அப்பால் ஒரு ஆள் நின்றிருந்தான். ஒல்லி, தலை முழுக்க நரை, பல் பாதி இல்லை. நான் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

“உப்பு அதிகமாப் போட்டுட்டேன்னு இன்னும் கோபமா, கமாண்டர்?” என்றான்.

ஃபெலிக்ஸ். 1946 கிறிஸ்துமஸ் சூப்பில் உப்பை அள்ளிக் கொட்டியவன். அவனுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், பார்த்தால் அறுபது. கத்தி என் கையிலிருந்து விழுந்தது. உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தேன். ரொட்டியை முன்னால் வைத்தேன். அவன்தான் பேசினான். ஏப்ரலில் வந்த புதிய பொதுமன்னிப்பில் விட்டார்களாம், எட்டரை வருஷத்துக்குப் பிறகு.

“நான்தானே உன்னைப் போகச் சொன்னேன்,” என்றேன். இந்த ஒரு வரியைத்தான் இத்தனை வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தேன்.

“ஆமா, சொன்னீங்க. அறுபது பேர் போனோம். ஒம்பது பேரைப் பிடிச்சான். மத்தவங்க வீட்டுல புள்ளை குட்டியோட இருக்காங்க, கமாண்டர். காட்டுல இருந்திருந்தா அறுபது பேரையும் புதைச்சிருப்பான். சிறையில ஒக்காந்து நான் இந்தக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் நீங்க சொன்னதுதான் சரின்னு வந்துச்சு. கோபமா இருந்துச்சு. ஆனா சரின்னுதான் வந்துச்சு.”

நான் அழுதேன். எழுதுவதற்கு வெட்கமாக இல்லை.

பிறகு கேட்டேன், என்னை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று. சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மேஜையில் கவிழ்த்தான். ஏழு தபால் முத்திரைகள், கத்தரித்தவை.

“வருஷா வருஷம் ஆகஸ்ட் முடியுறப்போ, ரூஷா அம்மா பேர் நாளுக்குக் கசகசாப் பொட்டலம் வருது. அனுப்புனவர் பேர் இல்லை. ஒவ்வொரு தடவையும் வேற வேற ஸ்டேஷன். புத்திசாலித்தனம்னு நெனச்சீங்களா? அவங்க ரயில்வே மேப்பை வாங்கி ஏழு ஸ்டேஷனையும் பென்சில்ல வட்டம் போட்டாங்க. ஏழும் ஒரே லைன், கமாண்டர்! நம்ம ஆள் எவனாவது இப்படிப் பண்ணியிருந்தா நீங்க தோலை உரிச்சிருப்பீங்க.”

உரித்திருப்பேன். சந்தேகமே இல்லை.

“அவளுக்கு... நான் அனுப்புறேன்னு எப்படி? அவதானே உடம்பைப் பார்த்து நான்தான்னு...”

ஃபெலிக்ஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “முகமெல்லாம் கருகிப்போயிருந்துச்சாம். அவங்க போர்வையைக் கால் பக்கம் தூக்கிப் பார்த்தாங்க. இடது கால்ல அஞ்சு விரலும் இருந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் ‘இவர்தான்’னு சொல்லி அழுதிருக்காங்க. சந்தோஷத்துல அழுதாங்களாம். போலீஸ்காரனுக்கு என்ன தெரியும்?”

ஒன்பது வருஷம். அவளுக்காக நான் செத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காக அவள் விதவையாக இருந்திருக்கிறாள், தெரிந்தே.

“இன்னொண்ணு கேக்கலையே?” என்றான்.

கேட்க முடியவில்லை. மேஜையில் கிடந்த முத்திரைகளை ஒவ்வொன்றாக அடுக்கினேன்.

“பொண்ணு. இரெனா. மூணாவது படிக்குறா. பிடிவாதம் உங்களை மாதிரியே.”

அப்போது மணி அடித்தது. எழுந்து கேட்டை இறக்கினேன். என்ஜின் டிரைவர் கையசைத்தார். நான் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் ஆட்டினேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

அக்டோபர் 9, செவ்வாய்

ஃபெலிக்ஸ் கிளம்பினான். “ரூஷா அம்மாவை வரச் சொல்லட்டா?” என்று கேட்டான்.

கூடாது என்றேன். இன்னும் எதுவும் நிச்சயமில்லை. பொதுமன்னிப்பு என்னைப் போன்றவனுக்குப் பொருந்துமோ என்னவோ. பொய்க் காகிதத்தில் அரசு வேலை பார்த்தவன். என்னைப் பிடிக்கப் போலீஸ் வரும் அன்று ரூஷாவும் குழந்தையும் இங்கே இருந்தால் என்ன ஆவது? “நான் அழைக்கும்வரை யாரும் வரக் கூடாது. இது உத்தரவு.”

“சரி, கமாண்டர்,” என்றான். அவன் முகத்தில் ஓடியது சிரிப்பா வேறு ஏதாவதா என்று எனக்குப் புரியவில்லை.

செய்தது சரிதான். நன்றாக யோசித்துத்தான் செய்தேன். சாயங்காலம் வரை இரெனா, இரெனா என்று சொல்லிக்கொண்டே விறகு பிளந்தேன். டிசம்பர் வரைக்கும் போதும்.

அக்டோபர் 22, திங்கள்

வார்சாவில் ஏதோ புரண்டுவிட்டது. ரேடியோவில் புதிய தலைவர், புதிய பேச்சு. ஸ்டேஷன் ஹாலில் பழைய தலைவர் ஒருவரின் படத்தைக் கழற்றிவிட்டார்கள். சுவரில் அந்த இடம் மட்டும் சதுரமாக வெள்ளையாக இருக்கிறது. எல்லோரும் அந்த வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வேலை மாறும் நேரத்தில் பானி அபோலோனியா வீட்டுக்குப் போகாமல் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“ஒண்ணு சொல்லணும். குறுக்கே பேசாதீங்க. அம்பதாம் வருஷம் மார்ச்சுல ஒருத்தன் வந்தான். உங்களைப் பத்தி மாசம் ஒரு காகிதம் எழுதித் தரணும்னான். தரலைன்னா என் தங்கச்சி மகனுக்கு வேலை போயிடும்னான். எழுதித் தந்தேன். ஆறு வருஷமா. இப்போ மூணு வாரமா அவன் வரலை. இனிமே வரமாட்டான்னு நினைக்குறேன்.”

எங்கள் காட்டில் இப்படிப்பட்டவர்களுக்கு என்ன தண்டனை என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொடுத்தவன் நான்.

“என்ன எழுதுனீங்க?”

“முட்டைக்கோசு. ஆடு குட்டி போட்டது. கூரை ஒழுகுறது. ஒரு மாசம் ஒண்ணும் கிடைக்கலை, உங்க குறட்டையைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதினேன். ‘நல்லா எழுதுறீங்க’ன்னு பாராட்டினான், கழுதை.”

“சந்தேகப்படுற மாதிரி ஏதாவது...?”

“அதை எழுதலை.” நேராகப் பார்த்தாள். “பேர் நாளை மறந்துட்டு வாயைப் பொளந்துக்கிட்டு நின்னீங்களே, அன்னைக்கே தெரியும் நீங்க வாலென்டி இல்லைன்னு. அப்புறம் யாருன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். நவம்பர் மூணாம் தேதி வெள்ளைச் சட்டை, முகச் சவரம், மேஜைத் துணி. மூணு தட்டு வேற. தனியா சாப்பிடுறவன் எவனாவது மூணு தட்டு வைப்பானா? காலண்டரைப் பார்த்தேன். வருஷா வருஷம் அதே நாள், அதே மூணு தட்டு. ஒருத்தரும் வரமாட்டாங்க. மறுநாள் தட்டைக் கழுவி அடுக்கிடுவீங்க. அதைப் போயி எவன்கிட்டயாவது எழுதித் தர முடியுமா, பான் ஹூபர்ட்?”

தட்டுகளை ஈரம் காயத்தான் வைப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக ஒரு பெண்ணின் வாயிலிருந்து என் பெயரைக் கேட்டேன். எழுந்து அவள் கையை முத்தமிட்டேன். “போதும், கை எல்லாம் வெங்காயம்” என்று இழுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 28, ஞாயிறு

ஆறு நாளாக ஒன்று தொண்டையில் முள்ளாக நிற்கிறது. எழுதிவிட வேண்டும்.

1946இல் எங்கள் பக்கத்தில் ஒரு மாவு மில்காரர் இருந்தார். மாதா மாதம் போலீசுக்குக் காகிதம் எழுதுகிறார் என்று என்னிடம் சொன்னார்கள். சாட்சி பாதிதான் இருந்தது. தீர்ப்பில் கையெழுத்துப் போட்டேன். ‘நாரை’ என்று. நிறைவேற்றினார்கள். அவர் அந்தக் காகிதங்களில் என்ன எழுதினார் என்று நான் கேட்கவே இல்லை. முட்டைக்கோசு பற்றி எழுதியிருக்கலாம். இனி ஒருநாளும் எனக்குத் தெரியப்போவதில்லை.

பானி அபோலோனியா நாலு வருஷம் முன்னால், பூக் நதிக்கரையில் இருந்துகொண்டு எழுதியிருந்தால்? அவளுக்கும் என் கையெழுத்துதான்.

ஹூபர்ட் லஸோட்டாவைத் திரும்ப எடுத்துக்கொண்டால் ரூஷாவும் இரெனாவும் மட்டும் கிடைக்க மாட்டார்கள். மில்காரரும் கூடவே வருவார். வாலென்டியாகவே இருந்தால் யாரும் வர மாட்டார்கள். நல்லதும் வராது.

திங்கள் ஐந்தாம் தேதி எனக்கு விடுமுறை. டவுனுக்குப் போய் அரசு வழக்கறிஞர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். மில்காரரையும் சேர்த்து. அவரைப் பற்றி ஒரு வார்த்தை மறைத்தாலும் மறுபடி வாலென்டிதான். அபோலோனியாவிடம் சொன்னேன். அவள் கைப்பையைத் திறந்து மூடினாள். பிறகு, “நானும் வரேன். ஆறு வருஷக் காகிதத்துக்கு நகல் வச்சிருக்கேன். நீங்க யாருன்னு அரசாங்கத்துக்குத் தெரியணும்னா அதைப் படிக்கட்டும்,” என்றாள்.

அக்டோபர் 30

ஹங்கேரியில் சண்டை. காயப்பட்டவர்களுக்கு ரத்தம் வேண்டும் என்று ஸ்டேஷனில் டாக்டர் வந்து உட்கார்ந்திருந்தார். வரிசை தெரு வரை நின்றது. அடையாள அட்டை கேட்டார்கள். வாலென்டி மாஸூர் என்று எழுதிக்கொண்டார்கள். ரத்தம் மட்டும் என்னுடையது. வாலென்டியின் கடைசி நல்ல காரியம்.

நவம்பர் 1, வியாழன்

சகல புனிதர்களின் நாள். ஊரெல்லாம் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறது. எனக்கு இங்கே கல்லறை கிடையாது. தோட்டச் சுவரோரம் இரண்டு ஏற்றினேன். ஒன்று என் கல்லறையில் படுத்திருக்கும் லியோனுக்கு. ஒன்று மில்காரருக்கு. காற்று இல்லை, இரண்டும் நின்று எரிந்தன. கிழக்கே ரூஷாவும் இந்நேரம் லியோனுக்கு ஏற்றியிருப்பாள்.

நவம்பர் 2

ஸ்டேஷன் கடைக்கு நல்ல ஹெர்ரிங் மீன் வந்திருந்தது. வாங்கினேன். வேறு காரணம் இல்லை.

நவம்பர் 3, சனி

காலையில் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டேன். மேஜைத் துணி. மூன்று தட்டு. ஆமாம், மூன்று. எனக்கும் ரூஷாவுக்கும் பெயர் தெரியாமலிருந்த குழந்தைக்கும். ஏழு வருஷமும் அதற்காகத்தான் வைத்தேன். இந்த நோட்டிடம் இன்னும் எதற்கு ஒளிக்க வேண்டும்?

யாரும் வர மாட்டார்கள் என்று தெரியும். உத்தரவு போட்டவனே நான்தானே.

இரண்டு மணி சுமாருக்கு ஸ்டேஷனிலிருந்து மணி. சரக்கு ரயில். வெளியே போய்க் கேட்டை இறக்கினேன். கொடியை எடுத்துக்கொண்டு என் இடத்தில் நின்றேன். அப்போதுதான் எதிர்ப்பக்கத்துப் பாதையில் மூன்று பேர் வருவதைப் பார்த்தேன். ஒல்லியாக ஒருவன். பச்சைத் தலைத்துணி கட்டிய ஒரு பெண், கையில் துணி மூடிய கூடை. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சிறுமி.

அந்தப் பெண்ணின் நடை எனக்குத் தெரியும். எந்தக் கூட்டத்திலும் எனக்குத் தெரியும்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டார்கள். எங்களுக்கு நடுவில் இருபது அடி, இரண்டு தண்டவாளம். ரூஷா கூடையைக் கீழே வைத்தாள். நான் கொடியைப் பிடித்தபடி மரமாக நின்றேன். தூரத்தில் என்ஜின் புகை தெரிந்தது. சிறுமிக்குப் பொறுமையில்லை. குனிந்து கேட்டுக்கு அடியில் நுழையப் பார்த்தாள்.

“ஏய்! கேட்டைத் தாண்டக் கூடாது! பின்னாடி போ!” என்று கத்தினேன். காட்டில் அறுபது பேருக்குக் கேட்ட குரல்.

என் மகளிடம் நான் பேசிய முதல் வார்த்தை இதுதான். அவள் துள்ளிப் பின்னால் போனாள். ரூஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தேன். ஒன்பது வருஷத்தில் அந்தச் சிரிப்பு ஒரு பொட்டும் மாறவில்லை. அதற்குள் ரயில் வந்து மறைத்துவிட்டது.

நிலக்கரி வண்டிகள். என் வேலைக்காலத்தில் அவ்வளவு நீளமான ரயிலைப் பார்த்ததில்லை. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு துளி பச்சை, ஒரு துளி சிவப்பு, மறுபடி நிலக்கரி. கடைசிப் பெட்டி போன பிறகு அவர்கள் அங்கே இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். அவ்வளவு பயம் எனக்குச் சண்டையில்கூட வந்ததில்லை.

அங்கேயேதான் நின்றிருந்தார்கள்.

கைப்பிடியைச் சுற்றினேன். கை வழுக்கியது. மறுபடி சுற்றினேன். கேட் மெல்ல ஏறியது. சிறுமிதான் முதலில் வந்தாள். என் முகத்தை விட்டுவிட்டு இடது ஷூவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“நீங்கதான் ஹூபர்ட்டா?”

“ஆமா,” என்றேன்.

“பேர் நாள் வாழ்த்துகள், அப்பா. அதட்டினீங்களே, ரயில்வே விதியா அது?”

“விதிதான்,” என்றேன். முட்டி போட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். தொப்பியில் ரயில் புகை நாற்றம் அடித்தது.

ரூஷா வந்து நின்றாள். காதோரம் நரைத்திருக்கிறது. எழுந்து, “நான் அழைக்கும்வரை வரக் கூடாதுன்னு உத்தரவு போட்டேனே,” என்றேன். எவ்வளவு முட்டாள்தனமான பேச்சு. ஆனால் அதுதான் வந்தது.

“ஃபெலிக்ஸ் சொன்னான். அழைக்காம வரக் கூடாதுன்னு உத்தரவாம்.” என் காலரை நேராக்கினாள், நேற்றுத்தான் விட்டுப்போனது போல. “பேர் நாளுக்கு யாருங்க அழைப்பாங்க?”

ஃபெலிக்ஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கூடையில் கசகசா உருட்டிய கேக். என் பொட்டலக் கசகசாவை விதைத்து, வருஷா வருஷம் பெருக்கி, அதில் செய்தது. பானி அபோலோனியா தானாக வந்து சேர்ந்தாள், கையில் ஒரு பாட்டிலோடு. ரூஷாவும் அவளும் ஒருவரையொருவர் தலை முதல் கால் வரை பார்த்தார்கள். பிறகு அபோலோனியா, “இவர் குறட்டை விடுவார், தெரியும்ல?” என்றாள். ரூஷா, “தெரியாமலா?” என்றாள். அவ்வளவுதான், சேர்ந்துவிட்டார்கள்.

தட்டு போதவில்லை. ஃபெலிக்ஸ் வாணலியில் சாப்பிட்டான். அபோலோனியா, முன்னால் இந்த வீட்டில் இருந்த ஜெர்மானியர் விட்டுப்போன மாவு டப்பாவின் மூடியில். ஹெர்ரிங்கில் உப்பு அதிகம் என்று ஃபெலிக்ஸ் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் சீமாட்டி பயந்து ஓடினாள்.

திங்கள் டவுனுக்குப் போகிறோம், எல்லோருமாக. என்ன செய்வார்கள் என்று தெரியாது. மில்காரரைப் பற்றி ரூஷாவிடம் சொன்னேன். அவள் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அப்புறம் கையை விடவே இல்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சரக்கு ரயிலைப் பதிவேட்டில் எழுதாதது நினைவு வந்தது. எட்டு வருஷத்தில் முதல் தவறு. எழுந்து போய் எழுதினேன். இரெனா பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள்:

14.12 மணி. சரக்கு ரயில் கடந்தது. கேட் திறக்கப்பட்டது. ஹூபர்ட் லஸோட்டா.